யார் எதைச் சுமந்து வந்தார்கள்?

(ஞாயிற்றுக்கிழமை நடந்த பெற்றோர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆறு நாள் வேலை செய்துவிட்டு, துணி துவைக்கவும் மார்க்கெட்டுக்குப் போகவும் கிடைத்த ஒரே நாளில் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

நீங்கள் எல்லாரும் கேட்ட பேச்சு ஒன்று உண்டு. ஒட்டுக்கடையில் தேத்தண்ணி குடிக்கும்போது பக்கத்து மேசையில் யாராவது சொல்வார்கள்: "அவன் நேற்று வந்தவன்யா, இன்னைக்குக் கடை வச்சுட்டான், காடி வாங்கிட்டான். நம்ம ஆளு நாலு தலைமுறையா அப்படியே கிடக்கிறான். முன்னேறணும்ங்கிற எண்ணமே இல்லை." இதை வேற்று இனத்தவன் சொன்னால் சண்டைக்குப் போவோம். ஆனால் பெரும்பாலும் சொல்வது நம்மவர்தான். ஐந்து பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து ரொட்டி சானாய் தின்றுகொண்டே அதைக் கேட்டுக்கொண்டிருக்கும். கேட்கிற பிள்ளை மனதில் என்ன பதியும்? நம் இரத்தத்திலேயே ஏதோ குறை இருக்கிறது என்றுதானே!

இன்று நான் நம்மைப் பற்றி அதிகம் பேசப் போவதில்லை. நம்மைப் பற்றிப் பேசினால் உடனே கோபம் வரும், கட்சி வரும், பழைய கணக்கெல்லாம் வரும். நமக்கு மாமன் மச்சான் உறவும் இல்லாத, பகையும் இல்லாத இரண்டு சமூகங்களை எடுத்துக்கொள்வோம். இரண்டும் அமெரிக்காவுக்குப் போனவை. ஒன்று பூட்டானிலிருந்து விரட்டப்பட்ட மக்கள். மற்றொன்று ரஷ்யாவிலிருந்து, பழைய சோவியத் நாட்டிலிருந்து, போனவர்கள். இரண்டிலும் பெரும் பகுதியினர் அகதி என்ற பத்திரத்தோடுதான் விமானம் ஏறினார்கள். ஒரே நாடு, ஒரே சட்டம், ஒரே டாலர். ஆனால் போய்ச் சேர்ந்த இடம் ஒன்றல்ல.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். அமெரிக்காவில் பியூ ஆய்வு மையம் என்று ஒன்று இருக்கிறது. 2015ஆம் ஆண்டுக் கணக்கை வைத்து ஆசிய வம்சாவளியினரைப் பற்றி அது ஓர் அறிக்கை வெளியிட்டது. அதன்படி அமெரிக்காவில் இருந்த பூட்டானியர்களில் நூற்றுக்கு 33 பேர் வறுமைக் கோட்டுக்குக் கீழே. அந்நாட்டின் மொத்த மக்கள் தொகையில் அது நூற்றுக்கு 15 பேர்தான். பெரியவர்களில் பட்டம் படித்தவர்கள் நூற்றுக்கு 9 பேர். ஆங்கிலம் சரளமாக வருபவர்கள் ஏறக்குறைய நூற்றுக்கு 27 பேர். ரஷ்யாவில் பிறந்து அங்கே குடியேறியவர்களைப் பார்த்தால், பெரியவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் பட்டதாரிகள். பொறியாளர், கணக்காளர், மருத்துவர், கணினித் துறை என்று நல்ல சம்பளத்தில் இருப்பவர்கள் ஏராளம். கூகுள் நிறுவனத்தைத் தொடங்கிய இருவரில் ஒருவரான செர்கெய் பிரின் மாஸ்கோவில் பிறந்து, 1979இல் ஆறு வயதுப் பிள்ளையாகப் பெற்றோரோடு அமெரிக்கா போனவர்.

இதை மட்டும் கேட்டால் நம் ஒட்டுக்கடை ஆசாமி என்ன சொல்வார்? "பார்த்தீங்களா, ரஷ்யாக்காரன் மூளைக்காரன். பூட்டான்காரன் சோம்பேறி" என்பார். பேசாமல் தேத்தண்ணியைக் குடிக்கச் சொல்லுங்கள். நாம் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம்.

பூட்டான் இமயமலையில் உள்ள சின்ன இராஜ்ஜியம். அதன் தெற்குப் பக்கம் வெப்பக் காடு, மலேரியா காய்ச்சல் நிறைந்த இடம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொடங்கி, அந்தக் காட்டை வெட்டிப் பயிரிட நேப்பாளத்திலிருந்து ஆட்களை ஒப்பந்தக்காரர்கள் வழியாகக் கொண்டு வந்தார்கள். கங்காணி என்றால் நமக்குப் புரியும். கிட்டத்தட்ட அதே ஏற்பாடுதான். அவர்கள் காட்டை அழித்து நெல் போட்டார்கள், ஆரஞ்சும் ஏலக்காயும் பயிரிட்டார்கள், மாடு வளர்த்தார்கள், வரி கட்டினார்கள். தெற்கில் இருப்பவர்கள் என்ற பொருளில் லோட்சம்பா என்று அவர்களுக்குப் பெயர். பேசுவது நேப்பாளி. பெரும்பாலோர் இந்துக்கள். 1958இல் அவர்களுக்குக் குடியுரிமையும் கொடுக்கப்பட்டது.

அப்புறம் காற்று திரும்பியது. 1985இல் புதிய குடியுரிமைச் சட்டம். 1988இல் தெற்கில் மட்டும் ஒரு குடிமதிப்பு எடுத்தார்கள். அதிகாரி வீட்டுக்கு வந்து கேட்பது ஒன்றைத்தான்: "1958ஆம் ஆண்டு நீ நாட்டில் இருந்தாய் என்பதற்கு அந்த வருஷத்து வரி ரசீது எங்கே?" முப்பது வருஷத்துக்கு முந்திய ரசீது! மண்சுவர் வீடு, மழை, கரையான், எலி. எத்தனை பேரிடம் இருக்கும்? 1957 ரசீது இருக்கிறது, 1959 ரசீது இருக்கிறது என்று காட்டியவர்களிடம்கூட 58தான் வேண்டும் என்றார்கள். எஃப்1 முதல் எஃப்7 வரை ஏழு வகையாக மக்களைப் பிரித்தார்கள். எஃப்1 என்றால் உண்மையான பூட்டானியர். எஃப்7 என்றால் அந்நியர். ஒரே வீட்டில் புருஷன் ஒரு வகை, பெண்டாட்டி ஒரு வகை, பிள்ளை இன்னொரு வகை.

1989இல் வடக்கத்தியரின் உடையையே எல்லாரும் உடுத்த வேண்டும் என்று கட்டளை வந்தது. ஆண்கள் கோ, பெண்கள் கீரா. பள்ளிகளிலிருந்து நேப்பாளி மொழிப் பாடம் எடுக்கப்பட்டது. தெற்கத்தியர் சார்பில் மன்னருக்கு 1988இல் மனுக் கொடுத்தவர் தேக் நாத் ரிஸால். மன்னரின் ஆலோசனை சபையிலேயே இருந்தவர். அவருக்குக் கிடைத்தது பத்து ஆண்டுச் சிறை. 1999 டிசம்பரில்தான் விடுதலையானார். 1990இல் மக்கள் ஊர்வலம் போனார்கள். அதற்குப் பிறகு கைது, அடி, வீடு இடிப்பு. சொந்த விருப்பத்தின் பேரில் நாட்டை விட்டுப் போகிறேன் என்று எழுதிய தாளில் கையெழுத்து வாங்கினார்கள். கையெழுத்துப் போடும்போது சிரிக்கச் சொல்லிப் படம் எடுத்ததாகப் பலர் பிற்பாடு சாட்சி சொல்லியிருக்கிறார்கள்.

அப்படி வெளியேறியவர்கள் இந்தியாவைக் கடந்து நேப்பாளத்தின் கிழக்கு மூலைக்கு வந்தார்கள். ஜாப்பா, மொராங் மாவட்டங்களில் ஏழு முகாம்கள். மூங்கில் குடிசைகள். 2007 வாக்கில் அங்கே ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். அவர்களுக்கு வேலை செய்யும் உரிமை கிடையாது. நிலம் வாங்க முடியாது. உலக நிறுவனம் கொடுக்கும் அரிசியும் பருப்பும்தான். ஒரு வருஷமா, இரண்டு வருஷமா? பதினெட்டு வருஷம்! உழுது பயிரிட்ட மனிதனைப் பதினெட்டு வருஷம் சும்மா உட்கார வைத்தால் அவன் கையும் மனதும் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு நல்ல காரியம் நடந்தது. முகாமில் பள்ளிக்கூடம் இருந்தது. பிள்ளைகள் ஓரளவு ஆங்கிலமும் படித்தார்கள். அது பின்னால் கைகொடுத்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

நேப்பாளமும் பூட்டானும் பதினைந்து சுற்றுப் பேச்சு நடத்தின. ஒருவர்கூட வீடு திரும்பவில்லை. கடைசியில் 2006இல் அமெரிக்கா அறுபதாயிரம் பேரை எடுத்துக்கொள்ளத் தயார் என்றது. 2008 முதல் விமானம் விமானமாகப் போனார்கள். மற்ற ஏழு நாடுகளும் சேர்ந்துகொண்டன. ஆனாலும் பெரும் கூட்டம், ஏறக்குறைய தொண்ணூறாயிரத்துக்கும் மேல், அமெரிக்காவுக்குத்தான் போனது.

இனி ரஷ்யா பக்கம் போவோம்.

"ரஷ்யர்" என்று அமெரிக்காவில் சொல்லப்படுகிறவர்கள் எல்லாரும் ரஷ்யர் அல்லர். நியூயார்க்கில் பிரைட்டன் பீச் என்று ஓர் இடம். அங்கே கடைப் பலகைகூட ரஷ்ய எழுத்தில்தான். அதன் செல்லப்பெயர் குட்டி ஒடெஸ்ஸா. ஒடெஸ்ஸா இருப்பது உக்ரேனில்! அங்கே குடியேறியவர்களில் பெரும்பாலோர் சோவியத் யூதர்கள். வெள்ளைக்காரன் கண்ணுக்குத் தமிழன், தெலுங்கன், மலையாளி எல்லாம் ஒன்றாகத் தெரிந்த மாதிரிதான் இதுவும்.

இந்த மக்களும் சும்மா கிளம்பவில்லை. சோவியத் நாட்டில் உள்நாட்டுப் பாஸ்போர்ட்டில் இனம் எழுதியிருக்கும். ஐந்தாவது வரி என்பார்கள். அந்த வரியில் யூதர் என்று இருந்தால் சில பல்கலைக்கழகத் துறைகளில் நுழைவது குதிரைக் கொம்பு. செர்கெய் பிரினின் தகப்பனார் வானியல் படிக்க ஆசைப்பட்டவர். யூதர் என்பதால் இயற்பியல் பக்கமே போக முடியாமல் கணிதம் படித்தார். நாட்டை விட்டுப் போக மனுப் போட்டால் வேலை போய்விடும். பலருக்கு அனுமதியும் கிடைக்காது. ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். 1979 ஒரே ஆண்டில் ஏறக்குறைய ஐம்பத்தோராயிரம் பேரை வெளியே விட்டார்கள். அடுத்த சில ஆண்டுகளில் கதவை மூடினார்கள். 1989க்குப் பிறகு மறுபடி திறந்தார்கள்.

இங்கே ஒரு செய்தியைக் கவனமாகக் கேளுங்கள். 1972இல் சோவியத் அரசாங்கம் ஒரு வரி போட்டது. நாட்டை விட்டுப் போகிறவன் பட்டதாரியாக இருந்தால், அவனைப் படிக்க வைத்த செலவை அரசாங்கத்துக்குத் திருப்பிக் கட்ட வேண்டும். பல வருஷச் சம்பளத்துக்குச் சமமான தொகை. உலகம் முழுக்க எதிர்ப்பு வந்து அடுத்த ஆண்டே அதைக் கைவிட்டார்கள். ஆனால் அந்த வரி ஓர் உண்மையைக் காட்டிக் கொடுத்துவிட்டது. போகிறவன் எதை எடுத்துக்கொண்டு போகிறான் என்று அந்த அரசாங்கத்துக்குத் தெரிந்திருந்தது! பெட்டியைச் சோதிக்கலாம், நகையைப் பிடுங்கலாம், குடியுரிமையைப் பறிக்கலாம். பறித்தார்கள். தலைக்குள் இருக்கும் கணக்கையும் பொறியியலையும் சுங்க அதிகாரி எடுக்க முடியாது.

பூட்டான் விவசாயியின் சொத்து எங்கே இருந்தது? நிலத்தில். மாட்டில். ஏலக்காய்த் தோட்டத்தில். எந்த மழைக்கு எந்த விதை என்ற அறிவில். அந்த அறிவு சாதாரணமானதல்ல. ஆனால் ஒஹாயோ மாநிலத்துக் கிடங்கில் அட்டைப்பெட்டி அடுக்கும்போது அதை யார் விலைக்கு வாங்குவார்கள்? நிலத்தை மடித்துப் பையில் வைக்க முடியுமா?

போய் இறங்கியபோது யார் காத்திருந்தார்கள் என்பது அடுத்த கேள்வி. சோவியத் யூதர்களுக்கு ஹயாஸ் என்ற யூத அமைப்பு. 1881இல் தொடங்கியது. நூறு வருஷமாகக் கப்பலிலிருந்து இறங்குகிறவர்களை வரவேற்றுப் பழகியது. வாடகை வீடு, ஆங்கில வகுப்பு, வேலை, மருத்துவர், எல்லாவற்றுக்கும் ஆள் இருந்தது. அதற்கும் மேல், முந்திய தலைமுறையில் வந்து நிலைத்துவிட்ட யூத சமூகம், பணத்தோடும் வழக்கறிஞர்களோடும், அங்கே இருந்தது. பூட்டானியர்களுக்கு? 2008இல் அமெரிக்காவில் இருந்த பூட்டானியரை விரல்விட்டு எண்ணிவிடலாம். முதலில் போனவர்களுக்கு முன்னோடி யாருமே இல்லை. அரசாங்கத்தோடு ஒப்பந்தம் செய்த தொண்டு நிறுவன ஊழியர் ஒருவர் விமான நிலையத்துக்கு வருவார். ஒரு வீடு காட்டுவார். அடுப்பு எப்படி மூட்டுவது, வெந்நீர்க் குழாய் எது என்று சொல்லிக் கொடுப்பார். விமான டிக்கெட்டுக்கு ஆன பணம் கடன். வட்டி இல்லை என்பது உண்மை. ஆனால் வந்த சில மாதங்களிலேயே தவணை தொடங்கிவிடும்.

உதவிப் பணத்திலும் காலம் மாறிப்போயிருந்தது. 1980இல் அமெரிக்கா அகதிகள் சட்டம் இயற்றியபோது புதிதாக வந்தவர்களுக்கு 36 மாதம் வரை பண உதவி கொடுக்கலாம் என்று இருந்தது. அதைக் குறைத்துக் குறைத்து 1991இல் 8 மாதமாக்கிவிட்டார்கள். பூட்டானியர்கள் போனபோது இருந்தது அந்த 8 மாதம்தான். எட்டு மாதத்தில் ஒரு மொழியைக் கற்று, பனியில் நடக்கக் கற்று, வேலையும் தேட வேண்டும். அவர்கள் போன 2008, 2009 எந்த வருஷங்கள் என்று ஞாபகம் இருக்கிறதா? அமெரிக்க வங்கிகள் சரிந்து, அந்நாட்டுக்காரனே வேலையில்லாமல் நின்ற நேரம். ரஷ்யாவிலிருந்து 1990களில் போன பொறியாளர்களும் முதலில் டாக்ஸி ஓட்டினார்கள். படித்த பெண்கள் கிழவிகளைக் குளிப்பாட்டும் வேலை பார்த்தார்கள். அதை மறைக்கக் கூடாது. ஆனால் அது கணினித் துறை வீங்கி வளர்ந்த காலம். ஆறு மாத வகுப்பில் கணினி மொழி படித்துவிட்டு அலுவலகத்தில் போய் உட்கார்ந்தவர்கள் பலர். கணிதம் ஏற்கெனவே தெரியும், புதிதாகக் கற்றது மேல் பூச்சுதான். பூட்டான் இளைஞனுக்குத் திறந்திருந்த கதவு கோழி வெட்டும் ஆலை, மாட்டிறைச்சி ஆலை, ஹோட்டல் அறை துப்புரவு, கிடங்கு.

இன்னொன்றை நாம் மறந்தே போகிறோம். எப்படிப்பட்டவர்கள் விமானத்தில் ஏற முடிந்தது? 1991க்குப் பிறகு ரஷ்யாவிலிருந்து போனவர்களில் ஒரு பகுதி விஞ்ஞானிகள், நிபுணர்கள். வேலை விசாவில் போனவர்கள். அதாவது பொறுக்கி எடுக்கப்பட்டவர்கள். பூட்டானியர் விஷயத்தில் முகாமையே அப்படியே தூக்கிக்கொண்டு போனார்கள். தொண்ணூறு வயதுப் பாட்டி, கைக்குழந்தை, கண் தெரியாதவர், எழுதப் படிக்கத் தெரியாதவர் எல்லாரும் போனார்கள். அது மனிதாபிமானம், நல்ல காரியம். ஆனால் பொறுக்கிய மாங்காயையும் மரத்தோடு உலுக்கிய மாங்காயையும் தராசில் வைத்து, எது நல்ல சாதி என்று கேட்பது என்ன நியாயம்?

இது உங்களுக்குப் புதிய கதையா? மலாயாவுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களும் தமிழர், தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களும் தமிழர். அதே மொழி, அதே முருகன். ஆனால் ஒருவர் மிஷன் பள்ளிக்கூடத்து ஆங்கிலத்தோடு வந்து இரயில்வேயிலும் அரசாங்க அலுவலகத்திலும் தோட்டத்துக் கிராணியாகவும் உட்கார்ந்தார். மற்றவர் கங்காணி பின்னால் வந்து பால்மரத்தடியில் நின்றார். இரண்டு பேருக்கும் ஓடியது ஒரே இரத்தம்தான் ஐயா!

தாத்தா பாட்டிகளின் கதையை இப்போது சொல்கிறேன். எனக்கு இதுதான் மனதை அறுத்தது.

அமெரிக்காவில் சொத்தில்லாத முதியோருக்கு மாத உதவித்தொகை உண்டு. 1996இல் ஒரு சட்டம் போட்டார்கள். குடியுரிமை இல்லாதவர்களுக்கு அந்தப் பணத்தை வெட்டினார்கள். பிரைட்டன் பீச்சில் ரஷ்யக் கிழவர்களும் கிழவிகளும் ஆடிப்போனார்கள். ஏனென்றால் பட்டதாரிச் சமூகம் என்று நாம் சொன்ன அதே ரஷ்யக் கூட்டத்தில், வயதானவர்கள் அந்தத் தொகையை நம்பி அரசாங்க மானிய அடுக்குமாடியில்தான் இருந்தார்கள். சராசரிக் கணக்கில் அவர்கள் தெரியமாட்டார்கள். ஆனால் அவர்களுக்குப் பேச அமைப்பு இருந்தது, யூத சங்கங்கள் இருந்தன, ஓட்டுப் போடும் உறவினர்கள் இருந்தார்கள். மற்ற பல அமைப்புகளும் சேர்ந்து குரல் கொடுத்தன. 1997இல் சட்டத்தைத் திருத்தி, 1996 ஆகஸ்டுக்கு முன்பே வந்து அந்தத் தொகையை வாங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு அது தொடர வழி செய்தார்கள். அதற்குப் பிறகு வரும் அகதிகளுக்கு? ஏழு ஆண்டுக் கெடு. ஏழு ஆண்டுக்குள் குடியுரிமை எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் பணம் நின்றுவிடும்.

அந்தக் கெடு யார் தலையில் விழுந்தது? பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து வந்த பூட்டான் முதியவர்கள் தலையில். குடியுரிமைத் தேர்வு ஆங்கிலத்தில். அப்போது நூறு கேள்விகளைப் படித்து வைத்திருக்க வேண்டியிருந்தது, பத்துக் கேட்டார்கள், ஆறுக்குச் சரியாகப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. ஆங்கிலத்தில் ஒரு வரி வாசித்து, ஒரு வரி எழுதவும் வேண்டும். வயதானவர்களுக்குச் சலுகை இல்லையா என்றால், இருந்தது. ஐம்பத்தைந்து வயது ஆகி, பதினைந்து வருஷம் நிரந்தரவாசியாக இருந்தால் சொந்த மொழியில் பதில் சொல்லலாம். பணம் ஏழாம் வருஷம் நிற்கும். மொழிச் சலுகை பதினைந்தாம் வருஷம் வரும். இடையில் எட்டு வருஷம் அந்தப் பாட்டி எதைச் சாப்பிடுவாள்? சட்டம் எழுதியவனுக்கு இந்தக் கழித்தல் கணக்கு தெரியவில்லையா, தெரிந்தும் எழுதினானா! மருத்துவச் சான்றிதழ் காட்டி விலக்குப் பெறலாம் என்று ஒரு வழி உண்டு. அதற்கும் மருத்துவர் வேண்டும், மொழிபெயர்ப்பாளர் வேண்டும். ரஷ்யக் கிழவருக்கு ஆங்கிலம் வராவிட்டாலும் எழுதப் படிக்கத் தெரியும். பேனா பிடித்த கை. பூட்டான் பாட்டி எந்த மொழியிலும் எழுத்தைத் தொடாதவர். எழுபது வயதில் ஏ, பி, சி பழகினார்கள். பேரப்பிள்ளை பள்ளிவிட்டு வந்து சொல்லிக் கொடுத்தது. அப்படியும் பாஸ் பண்ணியவர்கள் ஏராளம்.

எல்லாரும் தாங்கவில்லை. 2009 தொடங்கி 2012 வரை மூன்று ஆண்டுகளில் அமெரிக்காவில் 16 பூட்டான் அகதிகள் தற்கொலை செய்துகொண்டார்கள் என்று அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஆராய்ந்து 2013இல் எழுதியது. மக்கள் தொகையோடு ஒப்பிட்டால் நாட்டின் சராசரியைவிட மிக அதிகம். குடும்பத்துக்குச் சம்பாதித்துப் போட முடியவில்லை, மொழி தெரியவில்லை, உறவுகள் சிதறிவிட்டன என்பவை அதில் சொல்லப்பட்ட பாரங்கள். நம் வீட்டிலும் வேலையிழந்து ஒரு மூலையில் பேசாமல் உட்கார்ந்திருக்கும் ஆம்பிளை இருந்தால், அவரைச் "சோம்பேறி" என்று சொல்வதற்கு முன்னால் பக்கத்தில் போய்க் கொஞ்சம் உட்காருங்கள்.

ஆனால் கதை அங்கேயே நின்றுவிடவில்லை. முகாம் பள்ளியில் படித்த பிள்ளைகளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன் என்றேனே! அவர்கள்தான் வீட்டுக்கு மொழிபெயர்ப்பாளர், வண்டி ஓட்டி, கணக்கப்பிள்ளை எல்லாம். தனித்தனியே பல மாநிலங்களில் இறக்கிவிடப்பட்ட குடும்பங்கள், வாடகை குறைந்த, வேலை கிடைக்கும் ஊர்களைத் தேடி ஒன்றுசேர ஆரம்பித்தன. ஒஹாயோவில் கொலம்பஸ், ஆக்ரன். பென்சில்வேனியாவில் பிட்ஸ்பர்க், ஹாரிஸ்பர்க், ஈரி. ஆக்ரனில் நார்த் ஹில் என்று ஆள் குறைந்து மங்கிப்போயிருந்த பேட்டையில் நேப்பாளி மளிகைக் கடைகளும் மோமோ கடைகளும் வந்தன. ஒரே வீட்டில் மூன்று நான்கு பேர் சம்பாதித்து, சம்பளத்தை ஒன்றாகப் போட்டு, வீடு வாங்கினார்கள். முதியோர் பகல் பராமரிப்பு நிலையங்களைத் தாங்களே தொடங்கினார்கள். 2015 கணக்கில் ஆசிய வம்சாவளியினரில் வறுமை மிக அதிகமான முதல் இரண்டு சமூகங்களில் ஒன்றாகப் பூட்டானியர் இருந்தார்கள். அதே மையம் 2019 கணக்கை எடுத்தபோது முதலிடங்களில் மங்கோலியரும் பர்மியரும் இருந்தனர். நான்கே வருஷத்தில் அந்தப் பட்டியலின் உச்சியிலிருந்து பூட்டானியர் இறங்கிவிட்டார்கள். "முன்னேறணும்ங்கிற எண்ணமே இல்லாத" ஆட்கள் செய்கிற வேலையா இது?

ரஷ்யர்களின் புதிய அலை ஒன்றும் இருக்கிறது. 2022இல் உக்ரேன் போர் தொடங்கியதும் ஆயிரக்கணக்கானவர்கள் மெக்சிகோ எல்லை வழியாக வந்து அடைக்கலம் கேட்டார்கள். படித்தவர்கள்தான். ஆனால் பத்திரம் இல்லாமல் வந்ததால் பலர் மாதக்கணக்கில் தடுப்பு நிலையங்களில் கிடந்தார்கள். பட்டம் இருந்தும் பத்திரம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அவர்களே சாட்சி.

பத்திரம் என்றதும் கடைசியாக ஒன்று. 2025 மார்ச்சில் அமெரிக்கா சில பூட்டானியர்களை நாடு கடத்த ஆரம்பித்தது. பழைய குற்ற வழக்குகளில் தண்டனை பெற்றவர்கள். தண்டனையை அனுபவித்து முடித்தவர்களும் உண்டு. விமானத்தில் ஏற்றி நேராகப் பூட்டானுக்கே அனுப்பினார்கள். பூட்டான் என்ன செய்தது? விசாரித்துவிட்டு, இந்திய எல்லையில் கொண்டு போய் விட்டது. முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் பெற்றோருக்குச் செய்ததை மறுபடி பிள்ளைக்குச் செய்தது. அவர்களில் சிலர் எப்படியோ நேப்பாளத்துக்குள் வந்து, பழைய முகாமையே தேடிப் போனார்கள். அங்கே அனுமதியில்லாமல் நுழைந்தார்கள் என்று போலீஸ் பிடித்தது. மூன்று நாடுகள், மூன்றும் "நீ எங்கள் ஆள் இல்லை" என்றன. ஏதோ ஒரு ரசீது 1988இல் வீட்டில் இல்லாததன் வட்டி இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது.

இலங்கை மலையகத்தில் 1948இல் தகப்பனோ பாட்டனோ அங்கே பிறந்ததற்குச் சான்று கேட்டார்கள். நம் தோட்டப்புறங்களில் மெர்டேக்காவுக்குப் பிறகு பிறப்புப் பத்திரம் கேட்டார்கள். லயத்தில் மருத்துவச்சி கையில் பிறந்த பிள்ளைக்கு யார் பத்திரம் எடுத்தார்கள்? சிவப்பு அடையாள அட்டையோடு வாழ்ந்து முடிந்த பெரியவர்களை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். இங்கேயே சிலர் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

ஆகவே கூட்டம் முடிந்ததும் பின் மேசைக்கு வாருங்கள். பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளை, பன்னிரண்டு வயதாகியும் மைகாட் எடுக்காத பிள்ளை, பதிவு செய்யாத கல்யாணம், சிவப்பு அட்டை வைத்திருக்கும் தாத்தா பாட்டி, எது இருந்தாலும் வந்து பெயர் கொடுங்கள். இரண்டு தம்பிகள் பாரம் நிரப்பித் தருவார்கள். பதிவிலாகாவுக்குக் கூட வரவும் ஆள் இருக்கிறது. மூலப் பத்திரத்தை யாரிடமும் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள், எங்களிடமும் கொடுக்க வேண்டாம். போட்டோஸ்டேட் இயந்திரம் ஒன்று கொண்டு வந்திருக்கிறோம். நகல் எடுத்துக்கொள்ளலாம், காசு கிடையாது. அந்தப் பக்கம் மீயும் தேத்தண்ணியும் இருக்கிறது, சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.